முதல் வில் வாங்குவோர் அறிய வேண்டியவை

விற்பொறி தாங்கிய சேரர் கொடியையும், யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பினால் வீழ்த்தினான் என்று சங்கப் பாட்டில் போற்றப்படும் கொல்லிமலை வல்வில் ஓரியையும் எண்ணிப் பெருமை கொள்ளாத தமிழர் இலர். ஆயினும் நம்மில் வில்லைக் கையில் எடுத்து நாணேற்றிப் பார்த்தவர் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணிவிடலாம். பழம்பெருமையாகப் பேசப்படும் அக்கலை, இன்று நாம் குடியேறி வாழும் இம்மராட்டிய மண்ணில் கண்முன்னே தழைத்து நிற்கிறது.

புனேயின் முண்ட்வாப் பகுதியில் 2001ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இராணுவ விளையாட்டு நிறுவனம் நாட்டின் சிறந்த வில்லாளர் பலரைப் பயிற்றுவித்துள்ளது. சாத்தாரா மாவட்டத்துச் சரடே என்னும் சிற்றூரில் கூலி வேலை செய்து பிழைத்த பெற்றோருக்குப் பிறந்த பிரவீண் ஜாதவ், அரசின் கிரீடா பிரபோதினியில் பயின்று, பின்னர் இராணுவத்தில் சேர்ந்து, 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் வில்லேந்தினார். அதே சாத்தாராவைச் சேர்ந்த அதிதி சுவாமி 2023இல் பெர்லின் நகரில் உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு வயது பதினேழே. இச்செய்திகளைக் கேட்கும் நம் பிள்ளைகள், "எனக்கும் ஒரு வில் வேண்டும்" என்று கேட்பதில் வியப்பில்லை.

இவ்விடத்தில்தான் பெற்றோர் தடுமாறுகின்றனர். ஒலிம்பிக்கில் காணும் வில்லும் அதன் துணைக்கருவிகளும் சேர்ந்தால் இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டுவதுண்டு. அவ்விலையைக் கேட்டுச் சிலர், "இது நமக்கு ஆகாது" என்று பிள்ளையின் ஆசையை அடக்கிவிடுகின்றனர். வேறு சிலர், "வாங்குவதை ஒருமுறை நல்லதாக வாங்குவோம்" என்று கடன்பட்டேனும் வலிய வில் ஒன்றை வாங்கிக் கொடுக்கின்றனர். இரண்டும் பிழை. முதல் வில் விலை குறைந்ததாயும் வலிமை குறைந்ததாயும் இருப்பதே நலம்.

மூங்கில் வில்லின் தகுதி

விலை குறைந்தது என்றவுடன் தரம் குறைந்தது என்று கொள்ள வேண்டா. இந்திய வில்வித்தைச் சங்கம் நடத்தும் தேசியப் போட்டிகளில் 'இந்தியச் சுற்று' என்று ஒரு தனிப் பிரிவே உண்டு. மூங்கிலாலும் மரத்தாலும் ஆன வில்லையே அதில் ஏந்துவர். மூத்தோருக்கு 50 மீட்டர், 30 மீட்டர் தொலைவுகளில் இலக்கு வைக்கப்படுகிறது.

இராஜஸ்தானத்து உதயபூர் மாவட்டத்தில் பழங்குடியில் பிறந்த லிம்பாராம், இளமையில் மூங்கில் வில்லைக் கொண்டு வேட்டையாடிப் பழகியவர். 1992இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசியப் போட்டியில், 30 மீட்டர் தொலைவில் 360க்கு 358 புள்ளிகள் பெற்று உலகச் சாதனையைச் சமன் செய்தார். இராஞ்சியில் ஆட்டோ ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தீபிகா குமாரி பழகியதும் முதலில் மூங்கில் வில்லே. விலையுயர்ந்த கருவிகள் அவர்களிடம் பின்னரே வந்தன.

இழுவிசை என்னும் அளவு

வில்லை வாங்குவோர் முதலில் காண வேண்டியது அதன் இழுவிசை. நாணை முழுதும் இழுத்து நிறுத்த வேண்டிய வலிமையே அது. வில்லின் மேல் '30 பவுண்டு, 28 அங்குலம்' என்று எழுதியிருந்தால், நாணை 28 அங்குலம் இழுக்கும்போது 30 பவுண்டு, அதாவது ஏறத்தாழ பதின்மூன்றரைக் கிலோ எடையைத் தாங்குவதற்கு ஒப்பான வலிமை வேண்டும் என்று பொருள்.

அவரவர் இழுக்கும் நீளம் அவரவர் கையைப் பொறுத்தது. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து, அதனை இரண்டரையால் வகுத்தால் தோராயமாக அந்நீளம் கிடைக்கும். விரித்த கைகளின் அளவு 160 சென்டிமீட்டர் எனில், இழுக்கும் நீளம் 64 சென்டிமீட்டர், அதாவது 25 அங்குலம். ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் இரண்டு பவுண்டு குறையும். ஆகவே மேற்சொன்ன 30 பவுண்டு வில் இவர் கையில் ஏறத்தாழ 24 பவுண்டாகவே நிற்கும்.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 12 முதல் 16 பவுண்டும், பதின்மூன்று முதல் பதினாறு வயது வரை 16 முதல் 22 பவுண்டும், வளர்ந்த பெண்டிருக்கு 20 முதல் 26 பவுண்டும், ஆடவருக்கு 24 முதல் 30 பவுண்டும் தொடக்கத்திற்குப் போதும். உடல்வாகுக்கு ஏற்ப இவை சற்றே கூடலாம், குறையலாம்.

இதனினும் நம்பத்தக்க சோதனை ஒன்று உண்டு. பயிற்சியாளர் அருகிருக்க, நாணை மெல்ல முழுதும் இழுத்து, ஐந்து நொடி நிறுத்தி, மெல்லத் திரும்ப விடுக. பத்துமுறை செய்தும் கை நடுங்காமல், தோள் உயராமல் இருந்தால் அவ்வில் ஏற்றது. நடுங்கினால், அது எவ்வளவு அழகிய வில்லாயினும் வேண்டா. கனத்த வில்லை இழுக்கும் பிள்ளை முதுகை வளைக்கும்; முழுதும் இழுக்குமுன்னரே நாணை விட்டுவிடும். தோள் நோவதோடு, அவ்வாறு படிந்த தீய பழக்கத்தைப் பின்னர் மாற்றுவதும் எளிதன்று. ஒன்றை மறத்தலாகாது: அம்பு பூட்டாமல் இழுத்த நாணை ஒருபோதும் வீசி விடலாகாது. அம்பிற்குச் செல்ல வேண்டிய விசை முழுதும் வில்லின் மேலேயே பாய்ந்து அதனை முறித்துவிடும்.

கடையில் காண வேண்டியவை

நாணேற்றிய வில்லை நேரே பிடித்துப் பார்க்க. மேற்கையும் கீழ்க்கையும் ஒத்த வளைவுடன் இருத்தல் வேண்டும். நாண் வில்லின் நடுவே செல்ல வேண்டும். ஒருபுறம் ஒதுங்கினால் வில் முறுக்கிக்கொண்டது என்று அறிக. விரலால் தடவி, வெடிப்பும் சிலும்பும் உண்டா என்று பார்க்க. மூங்கில் வில்லாயின், மூங்கிலின் வெளித்தோல் இலக்கை நோக்கிய பக்கத்தில் அமைந்திருத்தல் நன்று. இழுவையைத் தாங்கும் நார்கள் அங்குதான் செறிந்துள்ளன.

கைப்பணம் முழுவதையும் வில்லுக்கே கொடுத்துவிடலாகாது. பத்துப் பங்கில் ஐந்தை வில்லுக்கும், மூன்றை அம்புகளுக்கும், இரண்டை முன்கைக் காப்பு, விரலுறை, மாற்று நாண் ஆகியவற்றுக்கும் ஒதுக்குக. நல்ல வில்லும் ஒவ்வாத அம்பும் சேர்ந்தால் பயனில்லை. நாணை விட்டதும் அம்பு வளைந்து வில்லைச் சுற்றிக்கொண்டே செல்கிறது. அதன் விறைப்பு வில்லின் வலிமைக்கு ஒத்திராவிடில் இலக்கின் இடமோ வலமோ விலகிப் போகும். எனவே ஒரே நீளமும் ஒரே விறைப்பும் உடைய ஆறு அம்புகள், இறகு கட்டியவையாக இருந்தால் போதும். இழுக்கும் நீளத்தைவிட அவை இரண்டு அங்குலமேனும் நீண்டிருத்தல் வேண்டும். எய்யுமுன் ஒவ்வோர் அம்பையும் மெல்ல வளைத்து விரிசல் பார்ப்பது கைக்குக் காப்பு.

பிள்ளை வேகமாக வளரும் பருவத்தில் இருந்தால், முதல் சில மாதங்கள் பயிற்சிக் கழகத்து வில்லையே பழகுதல் சிக்கனம். பின்னர் கழற்றி மாட்டும் ரீகர்வ் வில் வாங்கினால், வலிமை கூடும்போது கைகளை மட்டும் மாற்றிக்கொண்டு பிடியை வைத்துக்கொள்ளலாம். ஒரே மூங்கிலாலான நெடுவில்லில் அவ்வாறு மாற்ற இயலாது.

பேணும் முறை

எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடுக. மழைக்காலத்தில் ஈரம் படாத இடத்தில் கிடைமட்டமாகவோ தொங்கவிட்டோ வைக்க. சுவரில் சாய்த்து வைத்தால் வில் கோணும். கோடையில் காருக்குள் விட்டுச் செல்லலாகாது. வில் விளையாட்டுப் பொருளன்று. குடியிருப்பின் முற்றத்திலும் மொட்டை மாடியிலும் எய்வது குற்றமே. பயிற்சித் திடலில், பயிற்றுநர் கண்காணிப்பில் மட்டுமே அம்பு பூட்டுதல் வேண்டும்.

பெற்றோர்களே, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்குச் செலவின் அளவு தெரியும். பிள்ளையின் ஆசைக்கும் அளவு காண்பது நம் கடமை. தன் தோளுக்கு ஏற்ற எளிய வில்லை ஓராண்டு ஒழுங்காக இழுத்துப் பழகிய பிள்ளைக்கு அடுத்த வில் எது என்று தானே விளங்கும். அந்த ஓராண்டுக்கு வேண்டுவது பெரும்பொருளன்று. வாரந்தோறும் திடலுக்கு அழைத்துச் செல்லும் பொறுமையே.