கழுத்திலே ஒரு மூச்சுவழி

“கழுத்தில் துவாரமிட்டுக் குழாய் செலுத்தியிருக்கிறார்கள்” என்ற செய்தி நோட்டன் பிரிட்ஜிலுள்ள ஒரு லயத்து வீட்டிற்கு எட்டுமாயின், வீட்டார் கலங்குவது இயல்பே. அதன் காரணத்தை அறிந்தால் கலக்கம் ஓரளவு தணியும்.

கொரோனா முற்றியவருக்கு முதலில் வாய்வழியே குழாயிட்டு இயந்திரத்தால் மூச்சூட்டுவர். அக்குழாயைப் பொறுத்திருக்க மயக்க மருந்து வேண்டும். நாட்பட்டால் குரல்வளை புண்படும். குரல்வளைக்குக் கீழே திறக்கப்படும் சிறு வழியோ, நோயாளி விழித்திருக்க இடந்தரும். சளியை உறிஞ்சியெடுப்பதும் எளிது. பேச்சு சிலகாலம் தடைப்படும். குழாயை அகற்றினால் துவாரம் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.

1952ஆம் ஆண்டு கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது வைத்தியர் பியோர்ன் இப்சன் இவ்வழியையே கையாண்டார். கருவிகள் போதாமையால் மருத்துவ மாணவர்கள் இரவு பகலாகக் கையாற் பையை அழுத்திக் காற்றூட்டினர். என்னே அவர்தம் பொறுமை!

எப்போது திறப்பது என்பதே வழக்கு. 2013இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், 4 நாட்களுக்குள் செய்தோர்க்கும் 10 நாட்கள் பொறுத்தோர்க்கும் மரண வீதத்தில் வேறுபாடு தோன்றவில்லை; பொறுத்தோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அச்சிகிச்சை செய்யவே நேரவில்லை. 2020இல், சிதறும் துளிகள் வைத்தியரையும் தாதியரையும் தொற்றுமென அஞ்சிப் பலர் 14 நாட்களுக்கு மேலும் பொறுக்கச் சொன்னார்கள். பாதுகாப்பு உடையும், துவாரமிடும் கணத்தில் இயந்திரத்தை நிறுத்தும் முறையும் நிலைபெற்றபின் அவ்வச்சம் தணிந்தது. முந்திச் செய்தோர் இயந்திரத்திலிருந்து விரைவில் விடுபட்டதாகப் பல அறிக்கைகள் கூறின. கூடுதலானோர் பிழைத்தனர் என்பது மட்டும் நிறுவப்படவில்லை.

குழாயுடன் வீடு திரும்புவோருக்கு விறகடுப்புப் புகை ஆகாது. மூக்கு வடிகட்டாத காற்றல்லவா நுரையீரலை அடைகிறது! குழாயில் உறையும் சளியை அகற்றும் விதத்தை வீட்டார் ஒருவர் தாதியரிடம் முன்னதாகவே பழகிக்கொள்ளல் வேண்டும்.