நாடெங்கும் சிரிக்க வைத்த ரெயில்வே குமாஸ்தா

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்கு வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம். நடிகர் நாகேசுக்கு இது அப்படியே தலைகீழ். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். 1933-ம் ஆண்டு தாராபுரத்தில் பிறந்த அவர்தான் பிற்காலத்தில் தமிழர்களைச் சிரிக்க வைத்தார்.

வேலை தேடிச் சென்னை வந்த நாகேசுக்கு ரெயில்வேயில் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஒல்லியான உடம்பு. முகத்திலே அம்மைத் தழும்பு. சினிமாவுக்கு ஏற்ற முகமா என்று கேட்டால், யாரும் உதட்டைப் பிதுக்குவார்கள்.

வயிற்று வலி தந்த பரிசு

ஆபீஸ் நேரம் போக நாடகத்தில் நடித்தார். ஒரு நாடகத்தில் வயிற்று வலிக்காரர் வேடம். மேடையில் வந்து போவது சில நிமிடமே. தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். அந்த நடிப்பைப் பாராட்டிக் கோப்பை வழங்கினார். சிறிய வேடம்தானே என்று அலட்சியம் செய்யாததற்குக் கிடைத்த பலன் அது!

அந்நாளில் கே.பாலசந்தரும் ஏ.ஜி. ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர்தான். ஓட்டல் சர்வர் ஒருவன் நடிகனாகும் கதையை அவர் எழுத, நாகேஷ் நடித்தார். 1964-ல் "சர்வர் சுந்தரம்" படமாக வந்தது. சிரிக்க வைத்தவரே அழவும் வைத்தார்.

கதை சொல்லியே கலக்கினார்

அதே ஆண்டு வெளியான ஸ்ரீதரின் "காதலிக்க நேரமில்லை" படத்தில், டி.எஸ்.பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்வார் நாகேஷ். பேயும் இல்லை, இருட்டும் இல்லை. குரலும் ஓசையும்தான். கதை கேட்கும் பாலையா நடுங்க நடுங்க, தியேட்டரே அதிர்ந்தது.

1965-ல் "திருவிளையாடல்" தருமி. அந்த வசனத்தைப் படம் பார்க்காதவர்களும் திருவிழா ஒலிபெருக்கியில் கேட்டே மனப்பாடம் செய்தார்கள்.

1989-ல் "அபூர்வ சகோதரர்கள்" படத்தில் வில்லன். 1994-ல் "மகளிர் மட்டும்" படத்தில் பிணம்! வசனம் இல்லை, அசைவும் நாமாக அசைத்தால்தான். அதிலும் கைதட்டல் வாங்கினார். அதே ஆண்டு வந்த "நம்மவர்" படம் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதைத் தேடித் தந்தது. ஆனால் பத்ம விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. ரசிகர்களுக்கு இன்றும் அந்த மனக்குறை உண்டு.

2009 ஜனவரி 31-ந் தேதி சென்னையில் நாகேஷ் காலமானார்.

வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் குமாஸ்தாக்களே, தொழிலாளத் தோழர்களே! தழும்பு முகமும் சிறு வேடமும் அவரைத் தடுக்கவில்லை. உங்களுக்குள்ளும் ஒரு திறமை இருக்கும். மாலை நேரத்தை அதற்குக் கொடுங்கள்.