கடல் மட்டம் எங்கே இருக்கிறது?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

வேம்பார்க் கடற்கரையில் அலை காலை நனைக்க நின்றபடி, கையிலிருந்த ஜி.பி.எஸ். கருவியில் உயரத்தைப் பார்த்தேன். சுழிக்குக் கீழே 90 மீட்டருக்கும் அதிகம் என்று காட்டியது! கருவி பழுது என்றே முதலில் எண்ணினேன். பிறகு படித்தபோதுதான் உண்மை விளங்கிற்று.

துருவங்களில் சற்றே தட்டையான, சீரான ஓர் உருண்டையாகப் பூமியைக் கற்பித்துக்கொண்டு, அதன் பரப்பிலிருந்தே ஜி.பி.எஸ். உயரத்தை அளக்கிறது. கடல்நீரோ ஈர்ப்பு விசைக்குக் கட்டுப்பட்டது. ஈர்ப்பு மிகுந்த இடத்தில் உயர்ந்தும் குறைந்த இடத்தில் தாழ்ந்தும் நிற்கும். இந்தச் சமநிலைப் பரப்பை ‘ஜியாய்டு’ என்பர். உலகிலேயே அது மிகத் தாழ்ந்த இடம் இலங்கைக்குத் தெற்கே உள்ளது. தாழ்வு ஏறத்தாழ 106 மீட்டர். அதன் சரிவில்தான் நம் முத்துக்குளித்துறை அமைந்திருக்கிறது.

இத்தாழ்வை இடந்தோறும் கணித்துக் கூறுபவை உலக ஈர்ப்பு மாதிரிகள். அவற்றுள் ‘இ.ஜி.எம். 2008’ புகழ்பெற்றது. 2002-இல் ஏவப்பட்ட கிரேஸ் செயற்கைக்கோள்களின் அளவீடுகளும், நிலத்திலும் கடலிலும் பெற்ற அளவீடுகளும் இதில் இணைந்துள்ளன.

இம்மாதிரி நம் ஊருக்குப் பொருந்துமா? சோதிக்கும் வழி எளிது. இந்திய நில அளவைத் துறை கடல் மட்டத்திலிருந்து படிப்படியாக அளந்து உயரம் குறித்த கற்கள் உண்டு. அத்தகைய கல்லின் மேல் நுட்பமான ஜி.பி.எஸ். கருவியை வைக்க வேண்டும். கல்லின் உயரம் 3 மீட்டர், கருவி காட்டுவது −92 மீட்டர் என வைத்துக்கொள்வோம். கழித்தால் −95. மாதிரி −94.6 என்று கூறினால் வேறுபாடு 40 சென்டிமீட்டர். உப்பளத்துக்கும் கரையோர வீட்டுக்கும் அது சிறிய அளவா? புயல் நாளில் கடல்நீர் வாசலோடு நிற்பதும் உள்ளே புகுவதும் அந்த அளவில்தான்.

பிழை மாதிரியில்தான் என்றும் சொல்லிவிட முடியாது. 1909-இல் நாகப்பட்டினம், சென்னை உள்ளிட்ட ஒன்பது இடங்களின் சராசரிக் கடல் மட்டத்தையும் ஒரே சுழியாகக் கொண்டே கல்லின் உயரங்கள் வகுக்கப்பட்டன. உண்மையில் அவை ஒரே மட்டத்தில் இல்லை.

வேறுபாடு அறிவுக்கு வாயிலாவதும் உண்டு. வட இந்தியாவில் கலியானா, கலியான்பூர் ஆகிய இரு நிலையங்களின் அட்சரேகை வேறுபாட்டை நில அளவையாலும் விண்மீன்களாலும் கண்டபோது 5.236 விகலை முரண்பட்டது. இமயத்தின் ஈர்ப்பே காரணமெனில் முரண் 15 விகலைக்கு மேல் இருக்க வேண்டுமென 1855-இல் பிராட் கணக்கிட்டுக் காட்டினார். மலைகளின் அடியில் எடை குறைந்த வேர் உண்டு என்ற ஏரியின் கருத்து அதிலிருந்தே பிறந்தது.

எனவே நண்பர்களே, சாலையோரத்தில் உயரம் பொறித்த கல்லைக் கண்டால் அதைக் காப்போம். அது புதைந்துபோனால், உலகக் கணக்கு நம் ஊருக்குப் பொருந்துமா என்று கேட்க வேறு சாட்சி இராது.