உழவு இயந்திரத்தில் எழும் “டொக்” ஓசையும் அதன் காரணமறியும் முறையும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வட்டைகளில் பெரும்போகத்துக்கான உழவு பெரும்பாலும் புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் நடைபெறுவதாகும். நிலம் பதமாயிருக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் உழவு இயந்திரம் வரம்போரத்தில் நின்றுவிடின் விதைப்புப் பிந்தும். விதைப்புப் பிந்தினால் பயிர் இளம் பருவத்திலேயே மாரி வெள்ளத்துக்கு ஆளாகும். ஆயினும் இயந்திரம் முன்னறிவிப்பின்றி நிற்பது அரிது. விசை செல்லும் வழியில் ஏதேனும் ஓர் உறுப்புத் தேய்ந்திருப்பின் “டொக், டொக்” என்னும் ஓசை பல நாட்களுக்கு முன்னரே கேட்கத் தொடங்கும்.

இவ்வோசை கேட்டவுடன் கியர்ப் பெட்டி பழுதெனத் தீர்மானித்து அதனைக் கழற்றுவிப்போர் பலர். இது தவறான முறையாகும். கியர்ப் பெட்டியின் பற்சில்லுகள் எண்ணெயில் மூழ்கி, மூடிய அறைக்குள் சுழல்வன. அதற்கு வெளியேயுள்ள மூட்டுகளும் ஆணிகளுமோ சேற்றிலும் மணலிலும் நீரிலும் உழல்வன. எனவே முதலில் தேய்வன அவையே. முதலில் சோதிக்கப்பட வேண்டியனவும் அவையே.

ஓசை எங்கிருந்து வருகிறது என்று செவியால் மட்டும் அறிதல் கடினம். இரும்பின் வழியே அது எங்கும் பரவும். எப்பொழுது எழுகிறது என்பதைக் கவனித்தலே எளிய வழியாகும். கிளச்சை விடும்பொழுதும், முன்னோட்டத்திலிருந்து பின்னோட்டத்துக்கு மாற்றும்பொழுதும் ஒரே ஒரு முறை “டொக்” என்று கேட்டு அடங்கினால், எங்கோ ஓர் இணைப்பில் இடைவெளி மிகுந்துள்ளது என்பது பொருள். இழுவைப் பெட்டி கொளுவியிருக்குமாயின் அதனைக் கழற்றிவிட்டு மீண்டும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். ஓசை மறைந்தால், குற்றம் கொளுவும் ஆணியிலேயே உள்ளது. ஆணி தேய்ந்தும் அதன் துளை நீள்வட்டமாக விரிந்தும் போயிருக்கும். புதிய ஆணியொன்றால் தீரக்கூடிய குறைக்குக் கியர்ப் பெட்டியைப் பிரிப்பது வீண்செலவன்றோ!

சுழற்கலப்பை (ரொட்டவேற்றர்) சுழலும்பொழுது மட்டும் ஓசை எழுமாயின், இயந்திரத்தின் பின்புறத்திலிருந்து கலப்பைக்கு விசையைக் கொண்டு செல்லும் பி.டி.ஓ. தண்டினை ஐயுறல் வேண்டும். இத்தண்டின் இரு முனைகளிலும் யூனிவேசல் மூட்டுகள் உள்ளன. லாண்ட் றோவர், ஜீப் முதலிய வாகனங்களின் அடியில் சுழலும் தண்டிலும் இவ்வகை மூட்டுகளே அமைந்துள்ளன. ஒவ்வொரு மூட்டின் நடுவிலும் சிலுவை வடிவான இரும்பு ஒன்றுண்டு. கராச்சுகளில் இதனைக் “குரோஸ்” என்பர். அதன் நான்கு முனைகளும் ஊசி போன்ற சிறு உருளைகள் நிறைந்த கிண்ணங்களுக்குள் அசைகின்றன. கிறீஸ் வற்றி நீர் புகுந்தால் உருளைகள் துருப்பிடித்துப் பொடியாகும். கிண்ணத்தின் விளிம்பில் செந்நிறத் தூள் படிந்திருப்பின் உள்ளே அழிவு தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

சோதிக்குமுன் கலப்பையை நிலத்தில் இறக்கி, பி.டி.ஓ. இணைப்பை விடுவித்து, எஞ்சினை நிறுத்தித் திறப்பைக் கையில் எடுத்துக்கொள்ளல் வேண்டும். இதில் விதிவிலக்கில்லை. பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்றுகள், அதாவது செக்கனுக்கு 9 சுற்றுகள் சுழலும். சாரத்தின் நுனியோ தோளிலுள்ள சால்வையோ சிக்கினால் கையை விலக்கும் அவகாசமும் கிடையாது. தண்டின்மேல் உள்ள காவற்குழாய் உடைந்திருப்பின் அதனை மாற்றாது வேலைக்கு இறங்கலாகாது.

பின்னர் மூட்டின் இருபுறமும் ஒவ்வொரு கையால் பற்றி, எதிரெதிர்த் திசைகளில் முறுக்குதல் வேண்டும். நல்ல மூட்டில் கைக்குத் தெரியுமளவு ஆட்டம் இராது. சிறிதேனும் “கிளிக்” என்று தட்டினால் குரோஸ் மாற்றப்பட வேண்டியதே. தண்டைக் கழற்றி மூட்டை மடக்கிப் பார்க்கும்பொழுது அது வழுக்கிச் செல்லாது இடையிடையே சிக்குமாயினும் அவ்வாறே. ஆனால் தண்டின் ஒன்றினுள் ஒன்று நீளும் பகுதியில் சிறிதளவு ஆட்டம் இயல்பானது; அதனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

மூட்டுகள் நல்லனவாயிருந்தும் வரம்பைத் தாண்டக் கலப்பையை உயர்த்தும்பொழுது மட்டும் ஓசை கேட்பதுண்டு. இதன் காரணம் வேறு. மூட்டு வளைந்த நிலையில் சுழலும்போது அப்புறமுள்ள தண்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடிக் குறையும். வளைவு 10 பாகையாயின், 540 சுற்று வேகம் 532க்கும் 548க்கும் இடையே மாறும், இது பொருட்படுத்தத்தக்கதன்று. 30 பாகையாயினோ 468க்கும் 624க்கும் இடையே துள்ளும். இத்துள்ளலே ஓசையாகிறது; மூட்டையும் முறிக்கிறது. ஆதலால் வரம்பு கடக்குமுன் பி.டி.ஓ.வை நிறுத்துதல் வேண்டும். சோம்பலால் இதனைச் செய்யாதோர் ஆண்டுக்கு இரண்டு குரோஸ் வாங்க நேரினும் வியப்பில்லை.

இதனோடு தொடர்புடைய இன்னொரு பிழையும் உண்டு. தண்டின் நடுப்பகுதியில் உள்ள இரண்டு கவைகளும் ஒரே தளத்தில் அமைந்திருந்தால், முதல் மூட்டில் தோன்றும் வேக மாற்றத்தை இரண்டாவது மூட்டு ஈடுசெய்யும். சதுரத் தண்டைக் கழுவிவிட்டுக் கால்சுற்றுப் பிசகி மீண்டும் செருகினால், ஒன்றன் பிழையை மற்றொன்று பெருக்கும். கழற்றுமுன் இரு பாகங்களிலும் நேராக ஓர் அடையாளம் இட்டுக்கொள்ளல் நன்று.

வாவியோரத் தாழ்நிலங்களில் உழுவோர் உவர்நீரின் கேட்டையும் கருதுதல் வேண்டும். முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுவதால், கோடையில் வாவிநீர் உவர்ப்பு மிகுந்திருக்கும். அந்நீரில் இறங்கிய இயந்திரத்தை அன்று மாலையே நன்னீரால் கழுவி, மூட்டுகளுக்குப் புதிய கிறீஸ் ஏற்றி, பழைய கிறீஸ் நான்கு கிண்ணங்களிலிருந்தும் வெளிவரும்வரை அழுத்துதல் வேண்டும். ஒரு கிண்ணத்தில் மட்டும் வெளிவராதிருப்பின் அதன் வழி அடைபட்டுள்ளது. ஏனைய நாட்களில் 8 மணி நேர வேலைக்கு ஒருமுறை ஏற்றினால் போதும். எழுவான்கரையில், களுதாவளை போன்ற மணற்றரைத் தோட்டங்களில், நீர் அன்று, மணலே பகை. கிறீசுடன் கலந்த மணல் அரம்போல் அராவும். அங்கு முனையைத் துடைத்த பின்னரே கிறீஸ் துப்பாக்கியைப் பொருத்தல் வேண்டும்.

சில்லின் வேகத்துக்கேற்ப ஓசை விரைந்தும் தணிந்தும் கேட்டால் சில்லு நட்டுகளை முதலிலும், ஜாக்கியால் உயர்த்திச் சில்லின் ஆட்டத்தை அடுத்தும் பார்க்க. சேற்றுக்கென மாட்டும் இரும்புச் சில்லுகளின் நட்டுகள் முதல்நாள் வேலைக்குப்பின் தளர்வது வழக்கம். முன்சில்லுகளுக்கும் விசை செல்லும் இயந்திரமாயின், தார் வீதியில் அவ்விணைப்பை விடுவித்தே ஓட்டுதல் வேண்டும். இன்றேல் தண்டுகள் முறுக்கேறி, முறுக்கு விடும்போது பலத்த ஓசை எழும். பட்டியால் விசை பெறும் கை உழவு இயந்திரங்களில் இத்தண்டு இல்லாமையால் பட்டியின் தளர்வையும் சில்லு ஆணிகளையும் பார்த்தல் போதும்.

திரும்பும்பொழுது மட்டும் ஓசை வந்தால் டிபறன்சலிலும், ஒரே கியரில் மட்டும் வந்தால் கியர்ப் பெட்டியிலும் குற்றம் இருத்தல் கூடும். எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்க்க. பால்நிறமாயிருப்பின் நீர் புகுந்துள்ளது. இரும்புத் துகள்கள் மின்னினால் தாமதியாது தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுதல் வேண்டும்.

புதிய குரோஸ் வாங்கும்பொழுது பழையதைக் கையோடு கொண்டு சென்று, கிண்ணத்தின் விட்டத்தையும் முனைக்கு முனை உள்ள நீளத்தையும் அளந்து ஒப்பிடுக. பூட்டும்போது ஊசியுருளை ஒன்றேனும் சாய்ந்து விழாதிருத்தல் வேண்டும். கிறீஸ் முனை துப்பாக்கி எட்டும் பக்கம் நோக்கியிருத்தல் வேண்டும். பூட்டு வளையங்கள் நான்கும் தத்தம் காடியில் நன்கு அமர்ந்துள்ளனவா என்று பார்த்து, இரண்டு மணி நேரம் உழுத பின் எஞ்சினை நிறுத்தி மீண்டும் ஒருமுறை கையால் முறுக்கிச் சோதிக்க.