ஐஸ்கிரீமும் நம் பாலும்

சென்ற கோடையில் ரெட்டியார்சத்திரம் பக்கத்திலுள்ள பால் சங்கமொன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். மாலைப் பால் ஊற்ற வந்த அங்கத்தினர் ஒருவர், "ஐயா, திண்டுக்கல் கடைவீதியில் எங்கு பார்த்தாலும் ஐஸ்கிரீம் கடை. அவ்வளவும் நம் பால்தானே?" என்று வினவினார். நியாயமான கேள்வி. ஆனால் "ஆம்" என்று விடை கூற என்னால் இயலவில்லை. அதன் காரணத்தை அங்கத்தினர் யாவரும் அறிதல் நலம்.

சட்டப்படி ஐஸ்கிரீம் என்னும் பண்டத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்காவது பால் கொழுப்பு இருத்தல் வேண்டும். கொழுப்புக் குறைந்த வகைகளும் உண்டு. அவற்றில் அக்குறைவு உறையில் குறிக்கப்பட்டிருக்கும். உறையும்போது காற்றும் கலப்பதால், ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையாத எடை கொண்டிருந்தால் போதும். அதிலுள்ள கொழுப்பு ஏறக்குறைய 52 கிராம். 4 சதவீதக் கொழுப்புள்ள பசும்பால் ஒன்றேகால் லிட்டரிலிருந்து கிடைப்பது அது. ஆகவே, மெய்யான ஐஸ்கிரீம் விற்கும் கடை ஒவ்வொன்றும் நம் பாலுக்கு ஒரு சந்தையாகும்.

ஆனால் கடைகளில் அதே வடிவில், அதே வண்ணத்தில் வேறொரு பண்டமும் விற்கப்படுகிறது. அதன் பெயர் "ஃப்ரோஸன் டெஸர்ட்". ஆடை நீக்கிய பால் தூளைச் சேர்த்தாலும், பால் கொழுப்புக்குப் பதிலாகப் பாமாயில் போன்ற தாவரக் கொழுப்பை இதில் உபயோகிக்கிறார்கள். இதை விற்பது குற்றமன்று, உண்பதும் தவறன்று. தாவர எண்ணெய் கலந்திருப்பதை உறையில் அச்சிட வேண்டும் என்பதே விதி. எனினும், கொழுப்பையும் இதர திடப்பொருளையும் அளந்து பாலுக்கு விலை பெறும் நமக்கு, அக்கொழுப்பின் இடத்தை எண்ணெய் பிடிப்பது நஷ்டமே. பால் விலை இதனால் மட்டும் நிர்ணயமாவதில்லை. ஆயினும் இதுவும் ஒரு காரணம்.

சின்னாளப்பட்டி நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செயற்கைப் பட்டுக்கும் அசல் பட்டுக்கும் உள்ள பேதத்தை அவர்கள் விரல் அறியும். செயற்கைப் பட்டைச் செயற்கைப் பட்டு என்றே சொல்லி விற்பது நாணயம். வாங்குவோர் பேதம் அறியாதிருப்பதே தொழிலுக்குக் கேடு.

குஜராத்தில் 1946-ஆம் ஆண்டு கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் சங்கமாகச் சேர்ந்தனர். அங்கு வேரூன்றிய அமுல், 1996-இல் ஐஸ்கிரீம் விற்பனையிலும் இறங்கிற்று. நம் மாநிலத்தில் 1981-இல் அமைந்த கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையமும் ஆவின் என்னும் பெயரில் ஐஸ்கிரீம் விற்று வருகிறது.

ஆகவே அங்கத்தினர்கள் செய்ய வேண்டியவை இரண்டு. குழந்தைக்கு வாங்கும் முன் உறையைப் படியுங்கள். சங்கத்தின் மகாசபையிலும் இல்ல விழாக்களிலும் பால் ஐஸ்கிரீமையே வழங்குங்கள். இரண்டாவது, தண்ணீர் கலவாத பாலைச் சங்கத்தில் ஊற்றுங்கள். பிறர் பண்டத்தில் கலப்பைக் கண்டு குறை கூறுமுன், நம் குவளை சுத்தமாயிருக்க வேண்டுமன்றோ!