திருவல்லிக்கேணி உணவகங்கள்

திருவல்லிக்கேணி, சென்னை மெரினா கடற்கரைக்கு மேற்கிலும் அண்ணா சாலைக்குக் கிழக்கிலும் அமைந்துள்ள பழைய குடியிருப்புப் பகுதி. பார்த்தசாரதி கோயிலும் வாலாஜா பெரிய பள்ளிவாசலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போகும் தூரத்தில் இங்கே உள்ளன. மெஸ் எனப்படும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் சாம்பார் இட்லிக்கும் பிரியாணிக்கும் இப்பகுதி பெயர் பெற்றது. சமையலறை இல்லாத அறைகளில் தங்கியிருந்த ஏராளமான வெளியூர் ஆண்களுக்கு மூன்று வேளையும் சோறு போடுவதற்காகத்தான் இங்குள்ள கடைகளில் பல தோன்றின. விலையிலும் பரிமாறும் முறையிலும் கடை திறக்கும் நேரத்திலும் அந்தத் தோற்றத்தின் தடம் இன்றும் தெரிகிறது.

வழி கேட்பவர்கள் சாலைகளின் இரண்டு பெயர்களையும் அறிந்திருப்பது நல்லது. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்குக் காயிதே மில்லத் சாலை என்றும், பைகிராப்ட்ஸ் சாலைக்குப் பாரதி சாலை என்றும் பெயர் மாற்றப்பட்டு நெடுங்காலம் ஆகிறது. ஆட்டோக்காரர்களும் பழைய கடைக்காரர்களும் இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடு என்றே சொல்வார்கள்.

மேன்சனும் மெஸ்ஸும்

மேன்சன் என்பது மாத வாடகைக்கு விடப்படும் ஆண்கள் தங்கும் விடுதி. தலைமைச் செயலகம், சேப்பாக்கத்து அரசு அலுவலகங்கள், சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, அண்ணா சாலையின் வணிக நிறுவனங்கள் ஆகிய அனைத்தும் அருகில் இருந்ததால், வேலை தேடியும் வேலை கிடைத்தும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் இங்கே அறை எடுத்தனர். மருந்து விற்பனைப் பிரதிநிதிகள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், திரைப்பட உதவி இயக்குநர்கள், அரசு எழுத்தர்கள் எனப் பலரும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கினர். ஓர் அறையில் இரண்டு மூன்று கட்டில்கள், சுவரில் ஆணி, கொடிக்கயிறு, தளத்துக்குப் பொதுவான குளியலறை. பெரும்பாலான மேன்சன்களில் அறைக்குள் அடுப்பு வைக்கக் கூடாது என்பது விதி. அந்த ஒரு விதிதான் தெருவுக்குத் தெரு மெஸ் உருவாகக் காரணமாயிற்று.

ஓட்டலுக்கும் மெஸ்ஸுக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகத் தெரியும். ஓட்டலில் உட்கார்ந்த பிறகு என்ன வேண்டும் என்று கேட்பார்கள். மெஸ்ஸில் என்ன இருக்கும் என்பது முன்பே முடிவாகியிருக்கும். கல்லாவில் பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும். பந்தி முடியும் வரை வெளியே காத்திருக்க வேண்டும். அழைத்ததும் காலியான இடத்தில், முன்பின் தெரியாதவர் பக்கத்தில், உட்கார வேண்டும். அக்பர் சாகிப் தெருவில் உள்ள காசி விநாயகா மெஸ் இந்தப் பந்தி முறைக்குப் பெயர் பெற்றது. மதியம் அதன் வாசலில் நிற்கும் கூட்டத்தைக் கொண்டே கடையை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

பந்தி முறை வெறும் பழக்கத்தால் வந்ததல்ல. இடம் சிறியது, பரிமாறுபவர்கள் இரண்டு மூன்று பேர்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் பொரியல், கூட்டு, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என ஒவ்வொன்றையும் வரிசையாக ஒரே நடையில் ஊற்றிச் செல்லலாம். சாம்பார் வாளியோடு ஒருவர் முன்னே போக, ரசத்தோடு இன்னொருவர் பின்னே வருவார். ஆள் கூலியும் நேரமும் மிச்சமாவதால் சாப்பாட்டின் விலையைக் குறைவாக வைக்க முடிகிறது. பேசிக்கொண்டே நிதானமாகச் சாப்பிட விரும்புபவர்களுக்கு இது ஏற்ற இடமல்ல. இலைக்குப் பின்னால் அடுத்த டோக்கன்காரர் நிற்காவிட்டாலும், நிற்பது போன்ற உணர்வு இருந்துகொண்டே இருக்கும்.

நாள்தோறும் வருபவர்களுக்கு மாத டோக்கனோ, கணக்கு நோட்டோ உண்டு. மாதக் கடைசியில் கையில் காசில்லாத ஒருவருக்கு அந்த நோட்டுதான் துணை. சம்பளம் வந்ததும் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையில் சோறு போடுவது இத்தொழிலில் வழக்கம். கணக்கைத் தீர்க்காமல் அறையைக் காலி செய்துகொண்டு போனவர்களால் ஏற்படும் நஷ்டமும் இதே தொழிலின் பகுதிதான். பல மெஸ்களில் ஞாயிற்றுக்கிழமை இரவு அடுப்பு எரியாது. அன்றைக்கு மேன்சன்வாசிகள் பரோட்டாக் கடைகளுக்குப் போவார்கள்.

2013இல் தொடங்கப்பட்ட அம்மா உணவகங்கள் இட்லியை 1 ரூபாய்க்கும், சாம்பார் சாதத்தை 5 ரூபாய்க்கும், தயிர் சாதத்தை 3 ரூபாய்க்கும் கொடுத்தபோது, மெஸ் விலையும் எட்டாதவர்களுக்கு ஒரு வழி பிறந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் சமையலறை இல்லாத வாழ்க்கையின் மறுபக்கம் தெரிந்தது. ஊருக்குப் போக முடியாமல் அறையில் தங்கிவிட்டவர்களுக்கு, மெஸ் மூடினால் அடுத்த வேளைக்கு வேறு ஏற்பாடு இல்லை. அந்த மாதங்களில் நகரின் அம்மா உணவகங்கள் இலவசமாகவும் உணவு வழங்கின.

பெயர்ப்பலகைப் போராட்டம்

யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்விக்கும் திருவல்லிக்கேணியின் வரலாற்றில் இடமுண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னையின் சைவ ஓட்டல்கள் பலவற்றில் ‘பிராமணாள்’ என்ற சொல் பெயர்ப்பலகையில் இருந்தது. சில கடைகளில் பிராமணர்களுக்குத் தனி இடமும் இருந்தது. தனி இடங்கள் மறைந்த பிறகும் பலகைகள் தொடர்ந்தன. அச்சொல்லை நீக்க வேண்டும் என்று பெரியார் தலைமையிலான திராவிடர் கழகம் 1957இல் போராட்டம் தொடங்கியது. போராட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் திருவல்லிக்கேணி முரளி கபே. தொண்டர்கள் நாள்தோறும் கடை முன் மறியல் செய்து கைதாயினர். மாதக்கணக்கில் நீடித்த மறியலில் சிறை சென்றவர்கள் நூற்றுக்கணக்கானோர். உரிமையாளர் பலகையை மாற்றிக்கொண்ட பிறகே மறியல் முடிவுக்கு வந்தது. இன்று மெஸ் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் ஊரையோ சாதியையோ யாரும் கேட்பதில்லை என்பதைச் சொல்லும்போது, அது தானாக வந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சாம்பார் இட்லி

காலை நேரச் சிற்றுண்டிக்குத் திருவல்லிக்கேணியில் முதலில் சொல்லப்படும் பெயர் ரத்னா கபே. 1948இல் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் தொடங்கப்பட்டது. சென்னையின் அடையாளமாகிவிட்ட இந்தச் சாம்பார் இட்லிக் கடையை நிறுவியவர்கள் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த குடும்பத்தினர் என்பது பலருக்கு வியப்பளிக்கும். இங்கே சாம்பார் தொட்டுக்கொள்ளும் பொருள் அல்ல. தட்டிலுள்ள இட்லி மூழ்கும்வரை ஊற்றுவார்கள். குறைந்தால் சர்வர் மறுபடி வந்து ஊற்றுவார். இட்லியைக் கரண்டியால்தான் உண்ண வேண்டும். அதிகக் காரமில்லாத, நெகிழ்வான சாம்பார் என்பதால் இரண்டு இட்லிக்கு எவ்வளவு போனாலும் திகட்டுவதில்லை. இப்போது நகரின் பிற பகுதிகளிலும் கிளைகள் உள்ளன. எனினும் பழைய கடையின் காலை நேரக் கூட்டத்துக்கு நடுவே ஓர் இடம் பிடித்துச் சாப்பிடுவதைத்தான் வாடிக்கையாளர்கள் விரும்புகிறார்கள்.

கோயிலைச் சுற்றிய தெருக்களில் வேறு வகை உணவு கிடைக்கும். ஆழ்வார்களால் பாடப்பெற்ற பார்த்தசாரதி கோயிலில் உற்சவரின் முகத்தில் பீஷ்மரின் அம்பு பட்ட தழும்புகள் உள்ளன என்பது ஐதிகம். காயம் பட்டவருக்குக் காரம் ஆகாது என்பதால் பிரசாதத்தில் மிளகாய் தவிர்க்கப்படுகிறது என்று சொல்வார்கள். நெய் சொட்டும் சர்க்கரைப் பொங்கலுக்காகவே கோயிலுக்கு வருகிறவர்கள் உண்டு. மாட வீதிகளில் சிறிய காபிக் கடைகளும், அப்பளம், வடகம், பட்சண வகைகள் விற்கும் கடைகளும் உள்ளன. டபரா டம்ளரில் வரும் பில்டர் காபிக்கு அதிகாலையே நல்ல நேரம். முதல் டிகாக்ஷன் தீர்ந்த பிறகு சுவை இறங்கிவிடும்.

வீட்டில் சமைப்பவர்களுக்கும் இப்பகுதி ஒரு முன்னோடி ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. 1904இல் இங்கே தொடங்கப்பட்ட திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், நாட்டின் நுகர்வோர் கூட்டுறவு இயக்கத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அரிசியும் பருப்பும் கலப்படமின்றி நியாய விலையில் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். நகரில் பல நியாய விலைக் கடைகளை இன்றும் அது நடத்துகிறது.

பள்ளிவாசல் பக்கம்

ஆற்காட்டு நவாப் 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடியேறிய பிறகு, அவரைச் சார்ந்த குடும்பங்கள் திருவல்லிக்கேணியிலும் இராயப்பேட்டையிலும் குடியமர்ந்தன. 1795இல் வாலாஜா பள்ளிவாசல் எழுந்தது. அந்தக் குடும்பங்களின் கல்யாண விருந்திலிருந்து வந்த உணவுகள்தாம் இன்று தெருவோரக் கடைகளில் விற்கின்றன. தேக்சாவில் தம் போட்ட பிரியாணி, கத்திரிக்காய்ப் பச்சடி, தயிர் வெங்காயம், தால்சா, பிரெட் அல்வா என்பது அந்த விருந்தின் வரிசை. ரவை, பால், நெய், சர்க்கரை சேர்த்து மேலும் கீழும் தணல் வைத்துச் சுட்டெடுக்கும் தம்ரூட்டும் இந்த வழியில் வந்ததே. மேல்பக்கம் கருஞ்சிவப்பாகவும் உள்ளே பொலபொலவென்றும் இருந்தால் நல்ல தம்ரூட். பிரியாணிக் கடைகளுக்கு மதியம் இரண்டு மணிக்குள் போய்விடுவது நல்லது. தேக்சா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான்.

ரமலான் மாதத்தில் இப்பகுதியின் பகலும் இரவும் இடம் மாறிக்கொள்ளும். மாலையில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவார்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, புதினா, தேங்காய்ப்பால் சேர்ந்தது. சில இடங்களில் கொத்துக்கறியும் சேரும். நாள் முழுதும் வெறுமையாக இருந்த வயிற்றுக்கு இதமாக இருக்கும்படி இளக்கமாகக் காய்ச்சப்படும். கஞ்சிக்கான அரிசியைப் பள்ளிவாசல்களுக்குத் தமிழக அரசு வழங்குகிறது. தூக்குப் பாத்திரத்துடன் வருபவர்களுக்கு மதம் பார்க்காமல் ஊற்றிக் கொடுப்பார்கள். வாலாஜா பள்ளிவாசலில் நோன்பு திறக்க வரும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு, மயிலாப்பூரில் உள்ள சூஃபிதார் அமைப்பின் தொண்டர்கள் உணவு கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த ஒருவர் தொடங்கிய இந்த வழக்கம் பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது. தொண்டர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். இரவுத் தொழுகை முடிந்ததும் நெடுஞ்சாலையின் கடைகளில் ஹலீம், சமோசா, கபாப், ரோஸ் மில்க் வியாபாரம் நள்ளிரவு தாண்டியும் நடக்கும்.

மீனும் தேநீரும் கடற்கரையும்

சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தை ஒட்டிய சந்தில் 1961 முதல் நடந்துவரும் நாயர் மெஸ், அசைவச் சாப்பாட்டுக்குப் பெயர் பெற்றது. மீன் குழம்பும் வஞ்சிர வறுவலும் இங்கே முக்கியம். சாப்பாட்டின் விலை தனி, மீன் துண்டின் விலை தனி. மீனின் விலை அன்றைய சந்தையைப் பொறுத்தது என்பதால், புதிதாக வருபவர்கள் தட்டில் வைப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. ஆட்டம் நடக்கும் நாள்களில் இங்கே இடம் கிடைப்பது அரிது.

டீக்கடைகள் மேன்சன்வாசிகளின் கூடம் போன்றவை. அறையில் இரண்டாவது நாற்காலி இல்லாததால் நண்பரைச் சந்திப்பது, வேலை விசாரிப்பது, பத்திரிகை படிப்பது எல்லாம் கடை வாசலில்தான். பள்ளிவாசல் பக்கத்துக் கடைகளில் பாலில்லாத சுலைமானியும் கிடைக்கும். பிரியாணிக்குப் பின் அதைக் குடிப்பது வழக்கம்.

மாலையில் பாரதி சாலை வழியே கிழக்கே நடந்தால் மெரினா. தேங்காய், மாங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல், மிளகாய் பஜ்ஜி, வறுத்த மீன் ஆகியவை மணலில் கிடைக்கும். மீனை மசாலா தடவிக் காட்சிக்கு வைத்திருப்பார்கள். அப்போதே எண்ணெயில் போட்டு எடுக்கச் சொல்லி வாங்குவது நல்லது.

இப்போதைய நிலை

தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பழைய மகாபலிபுரம் சாலையில் பெருகியதும், புதிதாக வேலைக்கு வருபவர்கள் அப்பகுதிகளிலேயே தங்கத் தொடங்கினர். அங்குள்ள தங்கும் விடுதிகளில் வாடகையோடு சாப்பாடும் சேர்ந்துவிடுகிறது. செயலி வழியே அறைக்கே உணவு வருவதும் பந்திக் கூட்டத்தைக் குறைத்தது. போட்டித் தேர்வு எழுதுபவர்களும், சிறு சம்பளக்காரர்களும், மருத்துவத்துக்காகச் சென்னை வருபவர்களும் இப்போது மெஸ்களின் முக்கிய வாடிக்கையாளர்கள். பெண்கள் மெஸ்களில் தனியாக வந்து சாப்பிடுவது முன்பு மிக அரிது. இப்போது பந்தியில் காண முடிகிறது.

இப்பகுதிக்கு வர, கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயிலில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி நிலையங்களும், மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையமும் உள்ளன. தெருக்கள் குறுகியவை, வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மெஸ்களில் மதியச் சாப்பாடு பொதுவாக பன்னிரண்டு மணிக்குள் தொடங்கிவிடும். முதல் பந்தியில் உட்காருபவர்களுக்கு அப்பளம் சூடாகக் கிடைக்கும்.