‘சிரிங்க’ என்றதும் சிரிப்பு ஏன் ஓடிவிடுகிறது?

நிச்சயதார்த்தப் படத்துக்கு நிற்கும் ஜோடியிடம் ‘சிரிங்க’ என்றால் உதடு விரிகிறது. கண் அப்படியே நிற்கிறது. கூச்சம் மட்டுமே காரணமல்ல, நரம்புகளின் அமைப்பும்தான். சொன்னபடி சிரிக்கும்போது மூளைப் புறணியின் இயக்கப் பகுதி முகத்தசைகளை ஏவுகிறது. தானாக வரும் சிரிப்போ உணர்ச்சியோடு தொடர்புடைய வேறு பாதையில் வருகிறது. இதற்கு வலுவான சான்று பக்கவாத நோயாளிகளிடம் கிடைக்கிறது. அவர்களில் சிலரால், சிரிக்கச் சொன்னால் வாயின் ஒரு பக்கத்தை அசைக்க முடியாது. வேடிக்கையாக ஏதாவது கேட்டதும் இரு பக்கமும் மலரும். வேறு சிலருக்கு இது தலைகீழ். உண்மையான மகிழ்ச்சியில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும், அது நம் விருப்பத்துக்குப் பணியாது என்று பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862இல் எழுதினார்.

இதை மறுக்க இடமுண்டு. பலரால் அந்தத் தசையையும் வேண்டுமென்றே சுருக்க முடியும் எனப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. ஆனாலும் இயல்பான சிரிப்பு மெல்ல எழுந்து சீராக அடங்கும். வரவழைத்தது பெரும்பாலும் சட்டென்று தோன்றும். ஒரு கணத்தைப் பிடிக்கும் படத்தில் இந்த வேகம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். வேகம் தெரியாது; கேமரா தயாராகும்வரை பிடித்துவைத்த சிரிப்பின் இறுக்கம் தெரியும், தாடையிலும் தோளிலும்கூட. அதனால்தான் இருவரையும் பேசிக்கொண்டே நடக்கவிட்டு, அவர்கள் கவனம் கேமராவை விட்டு ஒருவர்மேல் ஒருவர் திரும்பிய பிறகு எடுப்பது பலனளிக்கிறது.